மணல் கேட்ட கணக்கு: சென்னைத் துறைமுகம் பிறந்த கதை

ஹைதராபாத்தின் கிழக்குப் பக்கம், நாச்சாரத்தை ஒட்டி இருக்கிறது மல்லாபூர். தொழிற்பேட்டைப் பகுதி. எந்தத் திசையில் புறப்பட்டாலும் கடலைப் பார்க்க அரை நாளாவது பயணம் செய்ய வேண்டும். ஆனாலும் அங்கே கன்டெய்னரில் ஏற்றுமதிச் சரக்கை அடுக்கி, கதவை மூடி, சீல் வைக்கிற எந்த நிறுவனத்துக்கும் கடல்தான் முதல் கேள்வி. எந்த போர்ட்? சென்னையா, விசாகப்பட்டினமா, மேற்கே நாவா சேவாவா?

கோல்கொண்டா சுல்தான்கள் ஆண்ட காலத்தில் இதற்குப் பெரிய விடை ஒன்றுதான்: மசூலிப்பட்டினம். கோல்கொண்டாவிலிருந்து கிழக்கே இறங்கிய வணிகப் பாதை அங்கே போய்க் கடலைத் தொட்டது. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1611இல் அங்கேதான் கடை விரித்தது. அதே கம்பெனியின் பிரான்சிஸ் டே இன்னும் தெற்கே இடம் தேடி வந்து, 1639இல் ஒரு மணற்கரையைத் தேர்ந்தெடுத்தார். அந்தப் பக்கம் நல்ல துணி மலிவாகக் கிடைத்தது என்பதுதான் அவர் சொன்ன முக்கியக் காரணம். ஜார்ஜ் கோட்டையும் சென்னை நகரமும் அப்படித்தான் அமைந்தன. துணியைப் பார்த்தவர் துறையைப் பார்க்கவில்லை. வளைகுடா இல்லை, கப்பல் நுழையும் ஆற்று முகம் இல்லை, அலையை மறிக்க ஒரு தீவு கூட இல்லை. திறந்த கடல், நேர்கோடாக ஓடும் கரை, ஓயாத அலை. அந்தத் தேர்வின் பாரத்தை அடுத்த 250 ஆண்டுகள் முதலில் படகோட்டிகளும் பிறகு பொறியாளர்களும் சுமந்தார்கள்.

கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைல், இரண்டு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. ஆளும் சரக்கும் கரைக்கு வர வேண்டுமானால் அலை உடையும் இடத்தைத் தாண்டியாக வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களோடு வந்த ஆணி அடித்த படகுகள் அந்த அலையில் தரை தட்டினால் விரிந்து நொறுங்கிவிடும். அதற்கு இந்தக் கரை கண்ட விடைதான் மசூலாப் படகு. பலகைகளை ஓரத்தோடு ஓரம் வைத்து, துளை போட்டு, தென்னங்கயிற்றால் இறுக்கித் தைப்பார்கள். இடுக்குகளில் நார் வைத்து அடைப்பார்கள். ஆணி கிடையாது, உள்ளே விலா எலும்பு போன்ற சட்டங்களும் கிடையாது. அலை தூக்கித் தரையில் அறையும்போது பலகைகள் விட்டுக்கொடுத்து நெளியும், உடையாது. தண்ணீர் ஓரளவு கசியத்தான் செய்யும், அதை இறைத்துக் கொட்டிக்கொண்டே வருவார்கள். அலைகளை எண்ணிக் காத்திருந்து, சரியான அலையின் முதுகில் ஏறி, அடுத்தது வந்து உடைவதற்குள் கரையில் தள்ளிவிட வேண்டும். பக்கத்திலேயே கட்டுமரங்கள் வரும். படகு கவிழ்ந்தால் ஆளைப் பிடித்துத் தூக்குவது கட்டுமரக்காரர்களின் வேலை. அலை மீறிய நாட்களில் கரையில் கொடி ஏற்றிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். எழுதப்பட்ட சென்னை வரலாறுகளில் ஆளுநர்களுக்குக் கிடைத்த பக்கங்கள் இந்தப் படகோட்டிகளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டரை நூற்றாண்டுகள் சென்னையின் துறைமுகமாக இருந்தவர்கள் அவர்கள்தான்.

படகை விட்டுவிட்டுக் கடலுக்குள் ஒரு பாலம் நீட்டலாம் என்ற யோசனை 1770 வாக்கிலேயே வந்தது. அப்போது சென்னைக் கவுன்சிலில் இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் அதைச் சொன்னார். சொன்னதோடு நின்றது. 1861இல்தான் இரும்புப் பாலம் வந்தது. திருகு போன்ற முனையுள்ள தூண்களைக் கடல் மணலில் முறுக்கி இறக்கி, சுமார் ஆயிரம் அடி நீளத்துக்கு நீட்டினார்கள். அலை உடையும் இடத்துக்கு அப்பால் அதன் நுனி நின்றது. ஆனால் கப்பல் அதன் ஓரம் வந்து அணைய முடியாது, படகுதான் வரலாம். திறந்த கடலில் நின்ற அந்தப் பாலத்தை 1872 மே மாதப் புயல் சிதைத்தது. அந்தப் புயலில் சென்னைக்கு எதிரே நின்ற கப்பல்களும் பல கரை ஒதுங்கி உடைந்தன. பாலம் மட்டும் போதாது, கப்பலையே உள்ளே வைத்துக் காக்கும் சுவர் வேண்டும் என்பது அதற்குப் பிறகு எல்லோருக்கும் புரிந்தது.

வில்லியம் பார்க்ஸ் என்ற பொறியாளர் திட்டம் போட்டார். கராச்சியில் மனோரா அலைத்தடுப்புச் சுவரைத் திட்டமிட்டவர் அவர். சென்னைக்கு அவர் வரைந்தது எளிமையானது. கரையிலிருந்து செங்குத்தாக இரண்டு சுவர்கள், ஒன்றுக்கொன்று சுமார் ஆயிரம் கஜம் இடைவெளி விட்டு, 1,200 கஜம் கடலுக்குள் போகும். நுனியில் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று மடங்கும். நடுவில் கிழக்கே பார்த்த வாசல். உள்ளே இருநூறு ஏக்கர் அளவுக்கு அமைதியான தண்ணீர். 1875 டிசம்பர் 15 அன்று, அப்போது இந்தியா வந்திருந்த வேல்ஸ் இளவரசர் எட்வர்ட் நினைவுக்கல் நாட்டினார்.

கல்லைக் கொட்டி அடித்தளமாக ஒரு மேடு எழுப்புவது, அதன்மேல் கான்கிரீட் கட்டிகளை அடுக்குவது, இதுதான் முறை. ஒவ்வொரு கட்டியும் இருபது டன்னுக்கு மேல். கரையில் வார்த்து, காய வைத்து, கட்டி முடித்த சுவரின் மேலேயே தண்டவாளம் போட்டு, டைட்டன் எனப்பட்ட ராட்சதக் கிரேன்களால் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார்கள். சுவர் வளர வளரக் கிரேன் அதன் முதுகில் முன்னேறும். ஆறு ஆண்டுகளில் வேலை முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது.

1881 நவம்பர் 12. ஐப்பசி கார்த்திகைப் புயல் மாதம். ஒரே புயலில் சுவர்கள் அரை மைல் அளவுக்குப் பெயர்ந்தன. மேல் இரண்டு வரிசைக் கட்டிகள் துறைமுகத்துக்குள்ளேயே சரிந்து விழுந்தன. இரண்டு டைட்டன் கிரேன்கள் கடலுக்குள் போயின. அடித்தளக் கல்மேடு கலைந்து பரவியது. வேலைக்குப் போட்டிருந்த ஒன்றரை மைல் ரயில்பாதையும் அடித்துச் செல்லப்பட்டது. ஆறு வருட உழைப்பு ஏறக்குறைய தொடங்கிய இடத்துக்கே திரும்பியது. லண்டனில் நிபுணர்கள் கூடி விவாதித்தார்கள். பழைய அமைப்பைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, சுவரைப் பலப்படுத்தி மறுபடி கட்டினார்கள். அது முடிய 1890களின் நடுப்பகுதி ஆகிவிட்டது.

புயல் அன்றைய செய்தி. ஆனால் துறைமுகத்தின் உண்மையான எதிராளி புயல் இல்லை. முதல் கல் கடலில் விழுந்த நாளிலிருந்தே சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்த மணல்தான் அது.

சென்னைக் கரையில் மணல் நின்ற இடத்தில் நிற்பதில்லை. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை இங்குள்ள மீனவர்கள் தெண்டி என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்பார்கள். வருடத்தின் பெரும்பகுதி தெற்கு அலையின் ஆட்சி. அது கரையைச் சாய்வாக அடித்து, மணலை வடக்கே தள்ளிக்கொண்டே போகும். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்கள் மட்டும் மணல் தெற்கே திரும்பும். வரவு செலவு போட்டால் வடக்கே போவதுதான் அதிகம், வருடத்துக்குப் பல லட்சம் கன மீட்டர். குப்பத்தில் வலை இழுக்கிற யாரைக் கேட்டிருந்தாலும் இந்தத் திசையைச் சொல்லியிருப்பார்கள். அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே பார்க்ஸ் ஒரு சுவரைப் போட்டார். தெற்கிலிருந்து வந்த மணல் சுவரில் மோதி அங்கேயே தங்கியது. ஆண்டுக்கு ஆண்டு கடல் விலகியது, கரை அகன்றது. கோட்டையின் காலடியில் அலை அடித்த இடமெல்லாம் தரையானது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884இல் உலாவும் சாலை அமைத்து மெரினா என்று பெயர் வைத்த கரை, நாம் இன்று பார்க்கும் அகலத்துக்கு வந்தது இந்த மணலால்தான். மாலையில் சுண்டல் வாங்கிக்கொண்டு நாம் நடக்கிற பரப்பில் பெரும்பங்கு துறைமுகச் சுவர் பிடித்து வைத்தது.

தெற்குப் பக்கம் நிரம்பியதும் மணல் சுவரின் நுனியைச் சுற்றிக்கொண்டு கிழக்கு வாசலை நோக்கி நகர்ந்தது. வாசலின் ஆழம் குறைந்துகொண்டே வந்தது. வாசல் நேராகக் கிழக்கே பார்த்ததால் பருவக்காற்று அலை தடையின்றி உள்ளே வந்தது. உள்ளே வந்த கப்பல்கள் அணையச் சுவர்த்தளமும் இல்லை. பழையபடி நடுத்தண்ணீரில் நின்று, சரக்குப் படகுகளில் இறக்கினார்கள். இருபது ஆண்டுகள் கட்டி, புயலில் இழந்து, மறுபடி கட்டியும் சென்னைக்குக் கிடைத்தது ஒரு துறைமுகத்தின் வெளிக்கோடு மட்டுமே.

அதைத் துறைமுகமாக்கியவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். 1904இல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவராக வந்து 1919 வரை இருந்தார். ஆறுகளை வழிப்படுத்துவது பற்றி எழுதியவர். ஓடுகிற தண்ணீரும் மணலும் என்ன செய்யும் என்று தெரிந்தவர். கிழக்கு வாசலை மூடினார். வடகிழக்கு மூலையில் புது வாசல் திறந்தார். தெற்கிலிருந்து வரும் மணல் புது வாசலை எட்ட வேண்டுமானால் துறைமுகத்தின் கிழக்கு முகம் முழுவதையும் கடந்து வர வேண்டும். வடகிழக்கு அலை புது வாசலில் நுழையாதபடி வெளியே ஒரு காப்புக் கரத்தை நீட்டினார். 1911 வாக்கில் இது முடிந்தது. உள்ளே கப்பல் வந்து அணையும் தளங்கள், கிடங்குகள், ரயில்பாதைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கப்பலின் பக்கமும் தரையும் தொட்டு நின்று சரக்கு நேராகக் கிடங்குக்குப் போகும் நிலை சென்னையில் ஸ்பிரிங்கின் காலத்தில்தான் நிலைபெற்றது. பிரான்சிஸ் டே வந்து ஏறக்குறைய 270 ஆண்டுகளுக்குப் பிறகு.

அவருடைய அலுவலகத்தில் 1912 மார்ச் 1 முதல் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்குப் பிரிவில் ஓர் இளைஞர் வேலை பார்த்தார். சீனிவாச ராமானுஜன். தலைமைக் கணக்கர் நாராயண ஐயர் கணிதம் தெரிந்தவர். ராமானுஜனின் நோட்டுகளைப் பார்த்து வியந்து ஸ்பிரிங்கிடம் சொன்னார். ஸ்பிரிங் தன் செல்வாக்கை அந்தக் குமாஸ்தாவுக்காகப் பயன்படுத்தினார். 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் ராமானுஜன் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். ஸ்பிரிங் சீராக்கிய அதே துறைமுகம். ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 22 இரவு, ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து துறைமுகத்தையொட்டிய எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டு வீசியது. ஊர் அதைத்தான் தலைமுறைகளாகப் பேசிக்கொண்டிருக்கிறது. வாசலை இடம் மாற்றியதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சென்னையின் வாழ்வைத் தீர்மானித்தது அந்த வாசல்தான் என்பது என் எண்ணம்.

ஏரியில் படகுத்துறை அமைப்பதற்கும் திறந்த கடலில் துறைமுகம் கட்டுவதற்கும் உள்ள தூரத்தை இங்கே சொல்ல வேண்டும். ஹைதராபாத்தின் ஹுசைன் சாகர் ஏரியில் பாய்மரப் படகுகள் போட்டி போடுகின்றன. அங்கே துறை அமைப்பவர் தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவதையும் அடியில் சேரும் வண்டலையும் பார்த்தால் பெரும்பாலும் போதும். மிதக்கும் மேடை தண்ணீரோடு ஏறி இறங்கிக்கொள்ளும். கொச்சியில் போல்காட்டித் தீவை ஒட்டி உல்லாசப் படகுகளுக்காக அமைந்த மரீனாவும் காயலின் அமைதியான தண்ணீரில்தான் மிதக்கிறது. திறந்த கடலில் அப்படி முடியாது. முதலில் அலையை அடக்க வேண்டும், பிறகு ஆழத்தைக் காக்க வேண்டும், அதன் பிறகே கப்பலைக் கட்ட முடியும்.

லண்டனிலும் மும்பையிலும் பழைய டாக்குகளுக்குக் கதவு உண்டு. ஓதம் பல மீட்டர் ஏறி இறங்கும் ஊர்களில் தண்ணீர் வடியும்போது கப்பல் தரை தட்டிவிடக் கூடாது என்பதற்காகத் தண்ணீரை உள்ளே பூட்டி வைப்பார்கள். சென்னையில் ஓதம் ஒரு மீட்டர் அளவுதான். அதனால் கதவு தேவைப்படவில்லை. 1964இல் ஜவஹர் டாக் திறக்கப்பட்டது. மூன்று பக்கமும் தளம் சூழ்ந்த அந்தக் குடாவுக்குள் கப்பல்கள் வெளி அலைக்கு எட்டாமல் நின்று சரக்கு இறக்கின. அதற்கு அடுத்த பத்தாண்டில் எண்ணெய்க்கும் இரும்புத் தாதுவுக்கும் வெளித் துறைமுகமாகப் பாரதி டாக் வந்தது. 1983 டிசம்பரில் அங்கே கன்டெய்னர் முனையத்தை இந்திரா காந்தி தொடங்கி வைத்தார்.

கன்டெய்னருக்கு அமைதியான தண்ணீர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதைக் கிரேனுக்குக் கீழே நின்று பார்த்தால் புரியும். மேலேயிருந்து இறங்கும் சட்டத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு பூட்டு முனைகள். பெட்டியின் நான்கு மூலைகளிலும் நான்கு துளைகள். எட்டும் ஒரே நேரத்தில் பொருந்தி, முனைகள் கால் சுற்றுத் திரும்பினால்தான் பெட்டி எழும்பும். கப்பல் ஓர் அடி, இரண்டடி முன்னும் பின்னும் ஆடினாலே கிரேன் ஓட்டுநர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் அரை நிமிடம் தாமதம் என்றால் ஆயிரக்கணக்கான பெட்டி உள்ள கப்பலுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம். மல்லாபூரில் சீல் வைத்த பெட்டி குறித்த நாளில் கப்பல் ஏறுவது இந்த அமைதியான தண்ணீரைப் பொறுத்தது.

இனி அந்த அமைதியின் விலை. தெற்கே மணல் சேர்ந்தது என்றால் வடக்கே அது போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் வரை கரை பசித்துக் கிடந்தது. அலை வழக்கம்போல் அங்கிருந்த மணலை வடக்கே கொண்டுபோனது. ஈடு செய்யத் தெற்கிலிருந்து எதுவும் வரவில்லை. கட்டுமரம் ஏற்றி வைத்த மணல் போனது, வலை உலர்த்திய இடம் போனது, தெருக்கள் போயின, வீடுகள் போயின. நூறு ஆண்டுகளில் சில நூறு மீட்டர் அகலத்துக்கு நிலம் கடலுக்குள் போய்விட்டது. பாறைகளைக் கொட்டித் தடுப்புச் சுவர் போட்டார்கள். பிறகு தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். ஒரு தூண்டில் வளைவு தன் தெற்கே மணலைப் பிடித்து வைக்கும். அதனாலேயே வடக்கே இருக்கிற அடுத்த குப்பத்தில் அரிப்பு தொடங்கும். மெரினாவின் அகலத்தை ரசிக்கிறவர்கள் அதற்கு நிலத்தைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு யாரும் அதற்காக நஷ்டஈடு கணக்குப் போட்டதில்லை.

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. 1933இல் திறக்கப்பட்ட விசாகப்பட்டினத் துறைமுகத்தைக் கட்டியவர்களுக்குச் சென்னை கண்முன்னே பாடமாக இருந்தது. அங்கே ஜானஸ், வெல்லெட்சன் என்ற இரண்டு பழைய கப்பல்களை வேண்டுமென்றே மூழ்கடித்து, கரையோடு ஒட்டாத ஒரு அலைத்தடுப்பை உண்டாக்கினார்கள். அதன் மறைவில் மணல் வந்து தங்கும். தங்கியதைத் தூர்வாரும் கப்பல் அள்ளி, வாசலைத் தாண்டி வடக்குக் கரைக்குப் பம்ப் செய்யும். நகரின் ராமகிருஷ்ணா கடற்கரைக்கு மணல் இப்படித்தான் ஊட்டப்படுகிறது. செலவு வருடா வருடம் உண்டு. ஆனால் அந்தச் செலவு துறைமுகத்தின் கணக்கில் எழுதப்படுகிறது, குப்பத்தின் கணக்கில் இல்லை. புதுச்சேரி இதற்கு எதிர்ப்பக்கம். 1980களில் துறைமுகச் சுவர் எழுந்தது, வடக்கே மணலைக் கடத்திவிடும் ஏற்பாடு ஒழுங்காக நடக்கவில்லை, நகரின் கடற்கரை கற்குவியலாகிவிட்டது. கடந்த பத்தாண்டில்தான் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் கடலுக்கடியில் ஒரு தடுப்பு அமைத்து மணலின் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதற்குத் தோண்டிய மணலில் ஒரு பகுதி அரித்துப்போன கரைக்குக் கொடுக்கப்பட்டது. அது ஒருமுறை கொடுத்தது. அலை ஒருமுறையோடு நிற்பதில்லை.

இப்போது எண்ணூருக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு வடக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது மெலிந்த மணல்திட்டு. அங்குள்ள மீனவக் கிராமங்கள் இந்த விரிவாக்கத்தை எதிர்த்து வருகின்றன. சென்னையின் வடகரையில் நூறு வருடமாக நடந்ததை அவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். துறைமுகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மல்லாபூரில் வேலை செய்பவருக்கும் மணலியில் வேலை செய்பவருக்கும் துறைமுகத்தால் சோறு கிடைக்கிறது. ஆனால் 1875இல் தெரியாமல் செய்தோம் என்று சொல்ல ஓரளவு இடம் இருந்தது. இன்று அது இல்லை. இனி இந்தக் கரையில் எந்தத் துறைமுகத்துக்கும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால் போய் உட்காருங்கள். மூன்றே கேள்வி கேளுங்கள். இங்கே ஆண்டுக்கு எவ்வளவு மணல் நகர்கிறது, உங்கள் சுவர் அதில் எவ்வளவைப் பிடிக்கும், பிடித்ததை வடக்கே கொண்டுபோய்ப் போடும் செலவை ஆண்டுதோறும் யார் கொடுப்பார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராத வரை முதல் கல்லைக் கடலில் இறக்க விடக் கூடாது.